கணனியும் கவனமும்

கணனி விஞ்ஞானத்தின் முன்னோடிகளுள் ஒருவரும் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கியவருமான டொனால்ட் நூத், 1990 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியுடன் மின்னஞ்சலைக் கைவிட்டார். பொதுமக்களுட் பெரும்பாலோர் அப்பெயரையே கேள்வியுற்றிராத காலம் அது. அவரோ அதற்குள் ஏறக்குறையப் பதினைந்தாண்டுகள் அதனைப் பயன்படுத்தி அலுத்திருந்தார். உலக நடப்போடு உடனுக்குடன் ஒட்டி நிற்க வேண்டியவர்க்கு மின்னஞ்சல் நன்று. ஒரு பொருளின் அடியாழம் வரை சென்று காணவேண்டிய தமது பணிக்கு அது ஒவ்வாது என்பது அவர் காட்டிய காரணம்.

இதனைக் கணனியை வெறுத்தவரின் கூற்றாகக் கொள்ளலாகாது. 1968 இல் முதற்றொகுதி வெளிவந்த அவரது பெருநூலே கணனி நிரலாக்கத்தைப் பற்றியதுதான். 2008 இல் அளித்த செவ்வியொன்றில், தமது முக்கியமான வேலைகளுக்குரிய மடிக்கணனி இணையத்தொடர்பற்றது எனவும், வலையில் உலவுதற்கு வேறு கணனிகள் உள எனவும் அவர் குறிப்பிட்டார். இரண்டுக்குமிடையே கோப்புகளைப் பென்டிரைவிற் கொண்டு செல்வாராம். வரும் கடிதங்கள் சேர்த்து வைக்கப்பட்டு, சில மாதங்களுக்கொருமுறை ஒருசேரப் பார்க்கப்படும்.

எனினும் இவரது வாழ்விலேயே வேறொரு வகையான விலகலும் நேர்ந்தது. 1977 இல், தம் நூலின் இரண்டாந் தொகுதியினது புதிய பதிப்புக்கான அச்சுப்படிகளைக் கண்டு மனங்கசந்த அவர், எழுத்துக்கோப்புக்கென ‘டெக்’ என்னும் நிரலைத் தாமே ஆக்க முனைந்தார். ஓராண்டில் முடியுமென எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று. கணிதத்துறையினர் உலகெங்கும் இன்று அதனாற் பயன்பெறுகின்றனர் என்பது உண்மையே. ஆனால் 1973 இல் மூன்றாந் தொகுதி வெளிவந்தபின், நான்காவதன் முதற்பகுதி 2011 இலேயே நூலுருப் பெற்றது. துறை பன்மடங்கு பெருகியதும் இத்தாமதத்துக்குக் காரணமெனினும், ‘டெக்’கின் பங்கு சிறிதன்று.

தமிழில் ஆய்வேடு எழுதுவோர்க்கு இது புதிய கதையன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்திற் சிதைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்துவதிலே எத்தனை மாலைப்பொழுதுகள் கழிந்துள்ளன! அவ்வேளைகளில் முகநூல் திறக்கப்படவில்லை. உழைத்த களைப்பும் உண்டு. இயல் மட்டும் ஒரு பக்கமேனும் வளர்ந்ததில்லை. வேலையின் கோலத்தில் வரும் இக்கவனச்சிதைவை இனங்காண்டல் அரிது. நூத்தின் விலகலாற் பிறர்க்குக் கருவியொன்று கிடைத்தது. பக்கவோரங்களைத் திருத்திக்கொண்டிருக்கும் மாணவர்க்கு அந்த ஆறுதலும் இல்லை.

நூத் செய்ததை இலங்கைப் பல்கலைக்கழக மாணவர் அப்படியே செய்தல் இயலாது. அவருக்கு அஞ்சல்களைத் தெரிந்து தரச் செயலாளர் இருந்தார். இங்கோ, 2020 இற் பெருந்தொற்றினால் விரிவுரைகள் இணையவழியாகிய பின்னர், நேரமாற்றங்களும் ஒப்படைக்கான இறுதித் திகதிகளும் வட்ஸ்அப் குழுக்களில் வருதல் வழக்கமாயிற்று. நாள் முழுதும் தொடர்பை அறுத்திருப்பவர் பரீட்சையையே தவறவிடக்கூடும். தொடர்பைத் துறத்தல் ஒருவகையிற் பதவி தரும் வசதியே எனலாம்.

ஆயினும் ‘ஒரு கணம்’ பார்த்து மீளல் ஒரு கணத்தோடு முடிவதன்று. ஒரு வேலையை முடிக்காது மற்றொன்றுக்குத் தாவுமிடத்து, மனத்தின் ஒரு கூறு முன்னையதிலேயே தங்கிவிடுகின்றது என்பதைச் சோபி லெரோய் என்னும் ஆய்வாளர் 2009 இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். ஆகவே நூத்திடமிருந்து மாணவர் பெறக்கூடியது, வருவனவற்றைச் சேர்த்துவைத்து ஒருசேரப் பார்க்கும் வழக்கமே. காலையில் இரண்டு மணிநேரம் இணையத்தைத் துண்டித்து எழுதுதல் பெரும்பாலோர்க்கு இயலும்.

அதற்கும் விரிவுரையாளரின் துணை வேண்டும். ‘நாளைக் காலை எட்டு மணிக்கு விரிவுரை’ என நள்ளிரவில் அனுப்பப்படும் ஒருவரிச் செய்தி, அன்றிரவோடு நில்லாது, பின்வரும் இரவுகளிலும் வகுப்பு முழுவதையும் திரையை நோக்கியிருக்கச் செய்கின்றது. அறிவித்தல்கள் மாலை ஆறு மணிக்குள் ஒருமுறை மட்டும் வெளியாகுமெனின், மறுநாட் காலையில் ஆய்வேட்டைத் திறப்பவர் எதையும் தவறவிடும் அச்சமின்றி எழுதலாம்.