ஏழு நாள் கூரை

யூதர்களின் யோம் கிப்பூர் விரதம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெருசலேமின் நஹ்லாவோத் சந்துகளில் சுத்தியல் சத்தம் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் இவர்கள். ஏதோ கொஞ்சம் சாப்பிட்ட கையோடு முற்றத்துக்கு வந்து, அடுத்த திருநாளுக்கான பந்தல் வேலையைத் தொடங்கிவைப்பது வழக்கம். ஐந்தாம் நாள் சுக்கோத்.

என் ஜன்னலுக்கு எதிர்முற்றத்தில் தாத்தா நாற்காலியில் இருக்கிறார், மடியில் கைத்தடி. பேரனுக்குப் பதினாறு வயது இருக்கலாம். மரச் சட்டங்களில் நீலச் சாயத்தில் பெரிதாக எண்கள்; இத்தனை காலம் பந்தலைக் கட்டியவரின் கையெழுத்து அது. பையன் எண்களைப் பார்க்காமலே கோக்கிறான். சாய்கிறது. பிரிக்கிறான், மறுபடி கோக்கிறான், மறுபடி சாய்கிறது. தாத்தாவின் விரல்கள் கைத்தடியை இறுக்குகின்றன, தளர்கின்றன. வாய் திறக்கவில்லை. இந்த இரவில் அதிகம் பாடுபடுகிறவர் அவர்தான். மூன்றாம் முறை பையன் குனிந்து எண்களைப் படிக்கிறான்.

சுக்கா என்னும் இந்தப் பந்தலின் சுவர் பலகையாக இருக்கலாம், துணியாகவும் இருக்கலாம். கூரையில்தான் கண்டிப்பு. மண்ணில் முளைத்து, வெட்டி எடுத்த தழையாக இருக்க வேண்டும். வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆனாலும் நட்சத்திரம் தெரிய இடைவெளி வேண்டும். மறுநாள் பையன் பேரீச்ச மட்டைகளை நெருக்கி அடுக்குகிறான். கைத்தடி மேலே உயர்கிறது. இரண்டு மட்டைகளை விலக்குகிறான்.

யூத நாள்காட்டியின் திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கும் சுக்கோத் அறுவடைத் திருநாள். தானியம் களத்திலிருந்து வீடு சேர்ந்து, திராட்சை பிழிந்து முடித்த வேளை. கை நிறைந்திருக்கும் இந்த நாள்களில்தான், எகிப்தைவிட்டுப் புறப்பட்ட முன்னோர் குடியிருந்ததுபோல ஏழு நாள் கூடாரத்தில் குடியிரு என்கிறது லேவியராகமம். குறையுள்ள நாளில் வானத்தைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். நிறைந்த நாளில் அப்படியில்லை. கல்வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாம் என் உழைப்பு என்று தூங்கிவிடலாம். நன்றியைக் காக்க மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுகளில் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பண்டிகைக்கு முன்பு தாத்தாவையும் பேரனையும் மஹனே யெஹூதா சந்தைப் பக்கம் பார்த்தேன். திருநாளில் கையில் ஏந்துவதற்கான லுலாவ் என்னும் பேரீச்சங் குருத்து, மிர்ட்டில், வில்லோ கிளைகள் எல்லாம் சீக்கிரமே தேறிவிட்டன. பழுதில்லாத எத்ரோக் பழத்துக்குத்தான் நேரம். தாத்தா பூதக்கண்ணாடியில் நெடுநேரம் உருட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தார். பையன் அதை வாங்கி, காம்புக்கு எதிர்முனையில் ஒரு புள்ளியைக் காட்டினான். கிழவர் மீண்டும் பார்த்தார். பேசாமல் பழத்தைக் கூடையில் வைத்துவிட்டு, கண்ணாடியைப் பேரனிடம் கொடுத்தார்.

முதல் இரவு பௌர்ணமி. மட்டைகளின் இடுக்கு வழியே மேஜைவிரிப்பில் நிலா கோடுகோடாக விழுகிறது. ஆபிரகாம் முதல் தாவீது வரை எழுவரை, இரவுக்கு ஒருவராக, விருந்துக்கு அழைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள். கண்ணுக்குத் தெரிகிறவர்களையும் உபாகமம் விடவில்லை: மகன், மகள், வேலைக்காரர், அந்நியர், திக்கற்றவர், விதவை எல்லாரும் இந்த மகிழ்ச்சியில் சேர வேண்டும்.

தாத்தாவைக் கவனித்துக்கொள்ளும் பிலிப்பைன்ஸ் பெண் சூப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். கைத்தடி பக்கத்து இருக்கையைத் தட்டுகிறது. அவள் சிரித்துத் தலையசைக்கிறாள். மீண்டும் தட்டு. பாட்டி எழுந்து அந்த நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அவள் உட்காரும்வரை தாத்தா கரண்டியைத் தொடவில்லை. பையன் எழுந்து முதல் கிண்ணத்தை அவளுக்கு ஊற்றுகிறான். கொஞ்சம் சிந்துகிறது. பாட்டி அதட்ட, அவள் ஹீப்ருவில் ஏதோ சொல்ல, மேஜை முழுவதும் சிரிக்கிறது.