வீட்டு ஆணமும் தெருமுனை ராமென் கடையும்



உணவைப் பற்றி எழுத அமர்ந்தால் நம்மில் பலருக்கும் பெருநாள் பிரியாணியும் வட்டலப்பமும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் எழுத விரும்புவது செவ்வாய்க்கிழமைச் சோற்றைப் பற்றி. வெள்ளைச் சோறு, மீன் ஆணம், புளியாணம், ஒரு பொரியல். விருந்தினர் எவரும் வராத, புகைப்படம் எடுக்கத் தோன்றாத அந்தச் சோறுதான் நம் பிள்ளைகளை வளர்க்கிறது. தோக்கியோவில் வாழும் எங்கள் வீட்டில் அது எவ்வாறு நடக்கிறது என்பதையும், தெருமுனையில் இருக்கும் ஒரு ராமென் கடை எங்கள் முன் வைத்த கேள்வியையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாங்கள் இருப்பது நகரின் கிழக்கே, நிஷிகசாய் பகுதியில். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் இடம் என்பதால் புளிக்கும் மல்லித்தூளுக்கும் குறைவில்லை. ஹலால் இறைச்சியை மாதம் இருமுறை மொத்தமாக வாங்கி உறைய வைத்துவிடுவேன். மற்ற நாள்களில் மீன்தான். மீனுக்கு அறுப்பு பற்றிய ஐயம் இல்லை. ஜப்பானியரோ மீனை நன்கறிந்தவர்கள். மத்தி கிடைக்கிறது, கானாங்கெளுத்திக்கு உறவான ‘சபா’ கிடைக்கிறது. இங்கு வந்த புதிதில் என்னை வியப்பில் ஆழ்த்தியது ‘கத்சுவோபுஷி’ என்னும் கருவாடு. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல் உலர்த்தி, சீவி எடுத்துச் சாறு காய்ச்சுகிறார்கள். முகர்ந்து பார்த்தேன், எங்கள் கீழக்கரை வீட்டில் உம்மா சம்பலுக்கு இடிக்கும் மாசியின் வாசம்! மாலத்தீவின் மாசியும் அதே சூரை மீன்தான், ஏறக்குறைய அதே முறைதான். ரிஸ்க்கை அல்லாஹ் எங்கெல்லாம் எப்படியெல்லாம் பரப்பி வைத்திருக்கிறான்!

கடினமானது மீன் அல்ல, பொட்டலம். ரொட்டியில் விலங்குக் கொழுப்பு இருக்கலாம். இனிப்பில் ஜெலட்டின் இருக்கும். சோயா சாறு பலவற்றில் கெடாமல் இருப்பதற்காக ஆல்கஹால் சேர்க்கிறார்கள். இங்குள்ள சமையலில் பெரிதும் பயன்படும் ‘மிரின்’ ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட அரிசி மது. ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே ஐயத்துக்குரியவை உள்ளன என்ற நபிமொழியை மதரஸாவில் மனனம் செய்திருக்கிறேன். அந்த நடுப்பகுதி எவ்வளவு அகலமானது என்பது இங்குள்ள பல்பொருள் அங்காடியில் நின்றபோதுதான் விளங்கியது. என் மகன் ஜப்பானிய எழுத்துகளைக் கற்கத் தொடங்கியபோது அவன் வகுப்புத் தோழர்கள் மலை, ஆறு, மரம் என்று கற்றார்கள். அவன் அவற்றோடு பன்றியைக் குறிக்கும் எழுத்தையும் கற்றுக்கொண்டான்.

இங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவும் ஒரு பாடம். பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து ஒருவருக்கொருவர் பரிமாறுவார்கள். ஆசிரியரும் வகுப்பறையிலேயே உடன் அமர்ந்து உண்பார். மாத அட்டவணை முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். அதில் சிவப்பு மையால் கோடிடுவது என் வேலை. கோடிட்ட நாள்களில் மாற்றுணவு கொடுத்தனுப்பினேன். அவர்கள் பன்றிக் குழம்பு உண்ணும் நாளில் இவனுக்குக் கோழிக் குழம்பு; அவர்களுக்கு இறைச்சி வடை என்றால் இவனுக்கு ஹலால் கைமாவில் அதே வடிவில் ஒன்று. தட்டு வேறாக இருந்தாலும் பார்வைக்கு வேறாகத் தெரியக் கூடாது என்பது என் எண்ணம். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து அடுத்தவர் சமையலை நகலெடுப்பது விந்தையான வேலைதான். எனினும் ஆறு ஆண்டுகள் செய்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

ராமென் கடைக்கு அத்தகைய நகல் எதுவும் எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் அனைவரும் அந்தக் கடைக்குத்தான் செல்வார்கள். பத்து இருக்கைகள், வாசலில் சிவப்புத் துணித் திரை, உள்ளே ஒரு பெரியவர் மட்டும். பிள்ளைகள் அவரை ‘ஓஜிசான்’ என்பார்கள். நம் ஊரில் பெரியப்பா என்று அழைப்பதுபோல. ராமென் சீனத்திலிருந்து கடல் கடந்து வந்து இங்கே குடியேறிய உணவு. 1910இல் அசகுசாவில் சீனச் சமையற்காரர்களை வைத்துத் திறக்கப்பட்ட ‘ராய்ராய்கென்’ என்னும் கடையைத் தொடக்க காலக் கடைகளுள் முக்கியமானதாகச் சொல்வார்கள். இன்று தெருவுக்கு ஒரு கடை. பலவற்றில் சாறே பன்றி எலும்பு. மணிக்கணக்காகக் கொதித்துப் பால்போல் வெளுத்துவிடும். மேலே வைக்கும் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் போயிற்று என்று எண்ணுவோர் உண்டு. துண்டை எடுக்கலாம், சாற்றை எங்கே எடுப்பது?

அசகுசாவிலும் ஷின்ஜுகுவிலும் ஹலால் ராமென் கடைகள் இருக்கின்றன. நாங்களும் சென்று உண்டிருக்கிறோம், நன்றாகவே இருந்தது. ஆனால் பத்து வயதுப் பிள்ளை கேட்டது ராமென் அல்ல. “உம்மா, எல்லோரும் உள்ளே போகும்போது நான் மட்டும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்” என்று அவன் ஒருநாள் சொன்னான். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

உறவினர் குழுவில் கேட்டபோது இரண்டு விதமான பதில்கள் வந்தன. ஊர்ச் சாப்பாடு இருக்கும்போது அந்தக் கடை எதற்கு என்றார்கள் சிலர். பிள்ளைதானே, கண்டும் காணாமல் விடு என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பதில் தெருவை மறந்துவிடுகிறது, இரண்டாவது மார்க்கத்தை மறந்துவிடுகிறது. அவன் வாப்பா அதிகம் பேசவில்லை. “கடைக்காரரிடம் போய்ச் சொல்வோம்” என்றார், அவ்வளவே.

ஒரு மாலை, கூட்டம் இல்லாத நேரத்தில் இருவரும் சென்றோம். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் விளக்கினேன். பெரியவர் முதலில், இறைச்சியைப் போடாமல் தருகிறேன் என்றார். சாறும் ஆகாது என்றோம். சுவைக்காகச் சேர்க்கும் கலவை? அதில் மிரின். மேலே வைக்கும் முட்டை? அதுவும் அந்தக் கலவையில் ஊறியது. அவர் தம் கடையையே ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர் கொடுக்கக்கூடியது எதுவும் அங்கே மிஞ்சவில்லை என்பதை நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்திருந்தோம். மறுப்பதில் எவ்வளவு வலி இருக்கிறது என்பதை மறுக்கப்படுபவரின் முகத்தில்தான் காண முடியும். பிறகு அவர் கேட்டார்: “பச்சை முட்டையும் தண்ணீரும் ஆகுமா?”

அடுத்த ஞாயிறு முதல் என் மகன் தோழர்களோடு உள்ளே அமர்ந்தான். வெளியுணவு கொண்டுவரக் கூடாது என்பது இத்தகைய கடைகளின் பொது வழக்கம். அவனுக்கு மட்டும் அந்த வழக்கம் தளர்ந்தது. வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற சோற்றுப் பெட்டியை அவன் திறப்பதற்குள், தனியாக ஒரு சிறு பாத்திரத்தில் அவித்த முட்டை உப்போடு வந்துவிடும்.

சில வாரங்கள் கழித்து அவன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். வேகவைக்காத ராமென் இழைகள். கூடவே பொருள்களின் பெயர்களைப் பெரியவர் கைப்பட எழுதியிருந்த தாள்: கோதுமை மாவு, உப்பு, நீர், ‘கன்சுய்’. கடைசியில் உள்ளது நம் அப்பளக்காரத்துக்கு உறவான காரம். இழைக்கு மஞ்சள் நிறத்தையும் துள்ளலையும் தருவது அதுதான். அன்றிரவு ஹலால் கோழி எலும்பை இஞ்சியோடும் கடற்பாசியோடும் காய்ச்சி, அவர் தந்த இழைகளைப் போட்டோம். மூன்று கிண்ணங்கள். மகன் சத்தமாக உறிஞ்சினான். இங்கே அது மரியாதைக் குறைவல்ல என்று வாப்பாவுக்கு விளக்கமும் தந்தான்.

ஆணம் சமைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. அந்த ரமலானில் நோன்புக் கஞ்சியில் ஒரு குவளை நீர் கூட்டினேன். தூக்குச் சட்டியில் எடுத்துச் சென்றபோது பெரியவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனார். “வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?” என்றார். ஜனவரி 7ஆம் நாள் ஏழு கீரைக் கஞ்சி காய்ச்சும் வழக்கம் இருந்தாலும், ஜப்பானியருக்குக் கஞ்சி என்றால் முதலில் நோயாளியின் உணவுதான். பகல் முழுவதும் பட்டினி இருந்து இதைக் கொண்டு நோன்பு திறக்கிறோம் என்று மகன் விளக்கினான். வெறும் வயிற்றுக்கு அதுவே சரி என்று தொழில்காரராய்த் தலையசைத்தார். மறுநாள் சட்டியைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார். வெறும் சட்டியாகத் தரவில்லை. உள்ளே ஆறு முட்டைகள்.

கோழிச் சாறு ஒன்றைத் தனியாகக் காய்ச்ச முடியுமா என்று அவர் யோசித்ததுண்டு. இறைச்சி எங்கே வாங்குகிறோம் என்று கேட்டு எழுதியும் வைத்துக்கொண்டார். ஆனால் கடையில் பெரிய அடுப்புகள் இரண்டே. இரண்டிலும் விடியற்காலை முதல் அவருடைய சாறு கொதித்துக்கொண்டிருக்கிறது. நாங்களும் வற்புறுத்தவில்லை.

இந்த ஏப்ரலில் மகன் நடுநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். பயிற்சி வேறு இடத்தில். அங்கே வேறு கடைகள். அவனை அறிந்த ஓஜிசான் எவரும் இல்லை. சேர்ந்த வாரத்திலேயே புதிய உணவு அட்டவணை வந்தது. நான் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து வருவதற்குள் அவனே ஒன்பது நாள்களுக்குக் கோடிட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தான். ஒரு நாளுக்குப் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி. “அது என்ன?” என்றேன். “சாறு எதில் காய்ச்சியது என்று எழுதவில்லை. நாளை நானே கேட்டுக்கொள்கிறேன்” என்றான்.