விளைச்சலே சான்று!

"மண்தானே! தோண்டினால் என்ன? கரியை எடுத்துக்கொண்டு பள்ளத்தை மூடிவிட்டால், பழைய வயல் பழையபடி வந்துவிடாதா?"

இப்படிக் கேட்போர் உளர். கற்றவரும் கேட்கின்றனர். நம் வகுப்பிலே ஒரு மாணவனும் கேட்டான். நாம் வரலாறு பயின்ற ஆசிரியர். மண்ணியல் வல்லுநர் அல்லோம். ஆயினும், அறிய விரும்பிக் கேட்பவனுக்கு மழுப்பலை விடையாகத் தருதல் அழகன்று. தேடினோம், படித்தோம். அமெரிக்க நாட்டுச் சட்டம் ஒன்று கண்ணிற்பட்டது.

அங்கே இல்லினாய், இண்டியானா மாநிலங்களிலே மக்காச்சோளம் செழிக்கும் வளமண். அதன் அடியிலே நிலக்கரி. மேலே உணவு, கீழே எரிபொருள்! எதை இழந்து எதைப் பெறுவது? 1977 ஆகஸ்டு 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட திறந்தவெளிச் சுரங்கச் சட்டம், 'முதன்மை விளைநிலம்' என ஒன்றைப் பிரித்துக் காட்டி, அதற்கெனத் தனிவிதி வகுத்தது.

எது முதன்மை விளைநிலம்? சுரங்கக்காரர் சொல் அதை முடிவு செய்வதில்லை. மண் ஈரம் தாங்குமா, நீர் எவ்வாறு கசியும், வெள்ளம் புகுமா, அரிப்பு உண்டா என்றெல்லாம் ஆராய்ந்து, உரிமம் கோரும் எல்லைக்குள் அத்தகைய மண் இருப்பின், தோண்டுமுன்னரே மண்ணாய்வைக் காட்டவேண்டும். நிலத்தின் வரலாறும் பார்க்கப்படும். பத்தாண்டில் ஐந்தாண்டேனும் பயிர் செய்யப்பட்டதா? சூது அறிந்தவன், நிலத்தை வாங்கித் தரிசாகப் போட்டுவிட்டு, "இது விளைநிலமன்று" எனலாமன்றோ? அந்த வழியையும் அடைத்தனர். சுரங்கத்துக்காக நிலம் கைமாறுவதற்கு முந்தைய பத்தாண்டே கணக்கு!

பின்னர், மேல்மண் வேறு, அடிமண் வேறு எனத் தனித்தனியே எடுத்து, கலவாமற் காத்து, உரிய வரிசையில் மீண்டும் பரப்பவேண்டும். பொதுவாக 48 அங்குல ஆழம் வேண்டும். ஏன் இத்தனை கண்டிப்பு? அந்த ஆழம்தான் வேரின் வீடு. பேரெந்திரங்கள் ஏறி இறங்கி இறுக்கிய மண்ணிலே வேர் இறங்காது; மழைநீரும் இறங்காது. பச்சைப் புல் முளைத்ததும் படமெடுத்துக் காட்டி, "பார், நிலம் மீண்டது!" என்றால் போதுமோ? புல் வேறு, பயிர் வேறு!

ஆகவே பிணைத்தொகை. குறைந்தது மூன்று பயிராண்டுகளின் சராசரி விளைச்சல், சுற்றுப்புறத்திலே தோண்டப்படாத அதே வகை மண்ணின் விளைச்சலுக்கு ஈடாகவேண்டும். அதுவரை பிணை முழுதும் விடுபடாது. நம்மைக் கவர்ந்தது இதுவே. "நம்பு" என்று சொல்லவில்லை சட்டம். "மெய்ப்பித்துக் காட்டு" என்கிறது. பகுத்தறிவு வேறென்ன கேட்கிறது?

குறையற்ற சட்டமோ? அன்று. 1977க்கு முன்பே உரிமம் பெற்ற நிலங்களுக்கு இவ்விதியிலிருந்து விலக்களித்தனர். விளைச்சலை அளப்பவர், வெளியேறிய உழவனின் துயரை அளப்பதுமில்லை.

இது நமக்கு எதற்கு என்பீரோ? நெய்வேலியில் 1957இல் அகழத் தொடங்கினர். கரி வந்தது, மின்சாரம் வந்தது, மறுக்கவில்லை. 2023 ஜூலையில், சுரங்கத் தேவைக்கான வாய்க்காலுக்காக, வளையமாதேவியிலே நெற்பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கியதையும் நாடு கண்டது. இழப்பீடு எவ்வளவு, வேலை எத்தனை பேருக்கு என்று வாதம் எழுந்தது. கேட்கவேண்டிய கேள்விகளே. ஆனால் அவற்றோடு நின்றுவிடலாமா? விலை கொடுத்தால் நிலம் கைமாறும், மண் உண்டாகிவிடாது.

தோழர்களே! மின்சாரம் வேண்டாம் என்பதன்று நம் வாதம். அடுத்த முறை உங்கள் ஊரிலே சுரங்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்குமாயின், எழுந்து நின்று கேளுங்கள்: மண்ணை ஆராய்ந்தவர் யார்? எத்தனை அடி மண்ணை எங்கே பிரித்து வைப்பீர்? எந்த ஆண்டில், ஏக்கருக்கு எத்தனை மூட்டை நெல் காட்டுவீர்? காட்டாவிடில் என்ன பிணை?

விடையை எழுத்திலே கேளுங்கள்!