கொம்பு முளைத்த பகைவன்

போருக்குப் பீரங்கி மட்டும் போதாது, பொம்மையும் வேண்டும். பீரங்கி கொல்லும், பொம்மை, கொல்லும் மனத்தைத் தரும்! முதல் உலகப் போரில் பகைவனைப் பன்றியாக்கிய படமும், பேயாக்கிய பதக்கமும் கடைச்சரக்காயின. வாங்கியவர் சிரித்தனர், சிரித்தவர் வெறுத்தனர், வெறுத்தவர் தம் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பினர்.

ஒரு பதக்கத்தின் கதை கேளுங்கள். 1915 மே 7ஆம் நாள், லூசிட்டானியா என்னும் பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். ஜெர்மானியச் சிற்பி கார்ல் கெட்ஸ் அதற்கொரு பதக்கம் வார்த்தார். அதில் எலும்புக்கூடு ஒன்று பயணச்சீட்டு விற்கிறது. மேலே, 'எல்லாவற்றினும் வணிகமே பெரிது' என்னும் வாசகம். இலாபத்துக்காக மக்களைப் போர்க்கடலில் இறக்கினாய் என்று இங்கிலாந்தை ஏளனம் செய்தார் அவர்.

இங்கிலாந்து அதை மறைத்ததா? இல்லை! ஏறத்தாழ மூன்று இலட்சம் படிகள் எடுத்து, பெட்டியிலிட்டு, 'பாரீர் பகைவன் கொடுமையை' என்று விற்றது! கெட்ஸ் மே 5 என நாளைத் தவறாகப் பொறித்திருந்தார். திட்டமிட்ட கொலைக்கு அதுவே சான்று என்றனர். அங்கே ஏளனம், இங்கே ஆத்திரம், பதக்கமோ ஒன்றே!

நம் நாட்டில்? 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன, மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ஆயினும் தமிழகத்துப் பாமரர் அப்பெயரை வசவாக்கவில்லை. 'அவன் பெரிய எம்டன்' என்று கெட்டிக்காரனுக்குப் பட்டமாகச் சூட்டினர்! நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே கப்பல் அழிந்தது, சொல் அழியவில்லை. ஆள்வோன் பகைவன் என்றவனை, ஆளப்பட்டோர் தம் கண்ணால் அளந்தனர்.

அந்தத் துணிவு இன்று உண்டா? பல்லடம் வட்டாரத்தில் நாம் பணியாற்றும் பள்ளியில், தீபாவளிக்கு முந்திய வாரம், மாணவர் சிலர் அயல்நாட்டுப் போர்வீரன் ஒருவனை வைக்கோலால் செய்து கொண்டிருந்தனர். தலையில் இரு கொம்புகள்! எதற்கு என்றோம்.

"பகையாளின்னா கொம்பு இருக்கோணுமுங்களே, ஐயா!"

அந்தக் கொம்பை எங்கே கண்டான் சிறுவன்? ஆண்டுதோறும் நாம் கொன்று களிக்கும் நரகாசுரன் தலையில்! தோற்றவனுக்குக் கொம்பு வைப்பது வென்றவன் எழுதுகோல் என்று பெரியார் ஊர் ஊராய்ச் சொன்னது எதற்காக?

நாம் அதட்டவில்லை, பதக்கத்தின் கதையைச் சொன்னோம். மாணவி ஒருத்தி கேட்டாள்: "வித்த காசு யாருக்குங்க போச்சு?" போரில் கண்ணிழந்த வீரர் இல்லத்துக்கும் செஞ்சிலுவைக்கும் என்றோம். வகுப்பு அமைதியாயிற்று. வெறுப்பை வளர்த்த பதக்கம், அந்த வெறுப்பால் விழியிழந்தோர் பெயரால் விலைபோயிற்று! மாணவர் கொம்பைப் பிடுங்கினர். எஞ்சியது மனித உருவம். அதைக் கொளுத்த அவர்களுக்குக் கை எழவில்லை.

தோழர்களே! இன்று பதக்கம் வார்க்க உலையும் வேண்டாம். கைப்பேசியிலே நொடிக்கொரு கேலிப்படம் பிறக்கிறது. சிரிக்குமுன் கேளுங்கள்: செய்தவன் யார்? ஆதாயம் யாருக்கு? சாகப்போவது எவர் வீட்டுப் பிள்ளை?

இம்மூன்று கேள்விகளும் பிறக்கும் இடத்தில் கொம்பு முளைக்காது.