தலைமன்னார்த் துறையில் ஓர் அம்மிக்கல்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை. கப்பல் செல்லும் ஆறும் இல்லை. ஆயினும், எங்கள் தோட்டத்து லயங்களில் ஒரு துறைமுகத்தின் பெயர் அடிபடாத நாள் அரிது. பாட்டி 'தலமன்னாரு' என்று சொல்லும் தோரணையைக் கேட்டு, இரத்தோட்டைக்கு அப்பால் எங்கோ கூப்பிடு தூரத்தில் அது இருப்பதாகவே சிறுவனாகிய நான் எண்ணியிருந்தேன்.

பாட்டிக்கு அது அண்மையாய் இருந்ததில் வியப்பில்லை. கோப்பிக் காலத்தில் எம் முன்னோர் தோணிகளில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் அவ்வழியில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கில்லை. ஏற்றுமதியான கோப்பி மூடைகளுக்குக் கணக்கிருந்தது. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. மண்டபம் முகாமில் பரிசோதிக்கப்பட்டு அத்துறையில் வந்திறங்கிய ஆயிரமாயிரம் பேரைத் தோட்ட முதலாளிகள் 'கைகள்' என்றே கண்டனர். கைகளுக்குப் பின்னால் மனிதர் இருப்பது தொல்லை தரும் விஷயமல்லவா?

அத்தொல்லையைத் தீர்க்கச் சுதந்திர இலங்கை முதலில் செய்த காரியங்களுள் ஒன்று 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்தது, 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம். 975,000 பேர் கணக்கில் வைக்கப்பட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று! ஒரு காணியைப் பிரிப்பதானாலும் அயலவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்பார்கள். பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை.

எங்கள் லயத்துக்குள்ளும் அப்பிரிவினை வந்தது. அப்பா இலங்கைக்கு மனுச் செய்தார்; பெரியப்பா இந்தியாவுக்கு. இருவரும் ஒரே கூரையின் கீழ், அடுத்தடுத்த காம்பிராவில் வாழ்ந்தவர்கள். 1974 இல், தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடிய நாட்களில், பெரியப்பா குடும்பத்தின் பயணத் தேதி வந்தது. வழியனுப்ப அப்பா என்னையும் அழைத்துச் சென்றார். மலையகத்தார் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்ட அந்த இரயிலைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை, பெயரே போதும். பொல்காவலை, மாகோ, மதவாச்சி எனப் போகப் போக மலைகள் மறைந்தன. விடிந்தபோது பனைகளும் வெண்மணலும் தெரிந்தன.

துறையோ அழுவதற்கு இடம் தராத இடம். எங்கும் வேலை நடந்தது. சும்மாட்டுத் துணியைத் தலையில் சுற்றிய நாட்டாமைகள் டிரங்குப் பெட்டிகளையும் பாய்ச்சுருள்களையும் சுமந்து இரயிலுக்கும் சுங்கக் கொட்டகைக்கும் இடையே ஓடினர். சோதனை முடிந்த பெட்டிகளில் வெண்கட்டிக் கோடு விழுந்தது. கருவாட்டு நாற்றமும் எண்ணெய் நாற்றமும் மூக்கைத் துளைத்தன. 'இராமானுஜம்' கப்பல் அவசரமில்லாமல் புகைவிட்டுக்கொண்டிருந்தது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் விழுங்கிவிட்டதால், கப்பல் இராமேஸ்வரத்துக்கே போய்வந்தது. அழுதுகொண்டிருந்தவர்களை விலக்கி, 'வழி, வழி' என்று கூவியபடி அந்நாட்டாமைகள் ஓடியபோது எனக்குக் கோபம் வந்தது. சுமை இறங்கினாற்றான் அவர்கள் வீட்டில் உலை ஏறும் என்பதை அறியும் வயது எனக்கு அப்போது இல்லை.

பெரியம்மாவின் சாக்கு மூட்டையைத் தூக்கிய நாட்டாமை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மன்னார்த் தீவைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர் அவர்.

"என்ன அண்ணே, உள்ளுக்கு இரும்பா?"

"அம்மிக்கல்லு," என்றார் பெரியப்பா, வெட்கத்துடன்.

"இது இண்டைக்கு ஏழாவது அம்மி! மலைநாட்டில இனி மலை மிஞ்சாது போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். அன்று அத்துறையில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். கல்லை விட்டுவிட்டுப் போகலாமே, அங்கே கல் இல்லாமலா இருக்கும் என்று அப்பா மெல்லச் சொன்னார். பெரியம்மா கேட்கவில்லை. "அந்த ஊருக் கல்லு எனக்குப் பழக்கமில்லைங்க," என்றாள். இந்தியா எங்கள் தாய்நாடு என்று இரு அரசாங்கங்களும் எழுதிக் கையெழுத்திட்ட தாள்களையெல்லாம் அந்த ஒரு வாக்கியம் புரட்டிப் போட்டுவிட்டது என்று இப்போது எனக்குப் படுகிறது. நாட்டாமை மறுபேச்சின்றி மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

1984 இல் கப்பல் நின்றது. 1990 இல் போர் இரயிலையும் நிறுத்திற்று. தண்டவாளம் மீண்டும் துறைவரை வந்தது 2015 இல்தான். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் ஒருமுறை அங்கு சென்றேன். துருப்பிடித்த இரும்புத் தூண்களின்மேல் கடற்காகங்கள் இருந்தன. தேநீர்க் கடையில் முதியவர் ஒருவர், தாம் அத்துறையில் நாட்டாமையாக இருந்தவர் என்றார். கப்பல் நின்றதும் மீன்பிடிக்குப் போனாராம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனவர்களுள் அவரும் ஒருவர். கையில் எடுத்துப் போகக்கூடியது எவ்வளவு என்பதை அப்போதும் வேறு யாரோதான் தீர்மானித்தார்கள்.

"ஊருச் சாமான் எல்லாம் தூக்கின நான், என்ர சாமானைத் தூக்க விடல்ல," என்றார் அவர், தேநீரைக் கலக்கியபடி.

1974 இல் எங்கள் மூட்டையைத் தூக்கியவர் இவராயிருப்பாரோ என்று நான் துருவவில்லை. ஏழாவது அம்மியின் கதையை மட்டும் சொன்னேன். அவருக்கு நினைவில்லை, எத்தனையோ அம்மிகள்! ஆனால் உடனே கேட்டார்: "அந்தக் கல்லு ஒழுங்காப் போய்ச் சேர்ந்ததா தம்பி?"

"சேர்ந்தது நானா. இப்போது கோத்தகிரியில் இருக்கிறது. பெரியம்மாவின் மருமகள் அதில்தான் அரைக்கிறாள். ஒரு மூலை மட்டும் உடைந்திருக்கிறது."

"அது கப்பல்ல உடைஞ்சிருக்கும்," என்றார் அவர் சட்டென்று. "நாங்க உடைக்கல்ல."