சின்னக் கமராவுக்கு ஒரு கண்

ரொறன்ரோவில் இருக்கும் என் தமக்கையின் மகன் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊருக்கு வந்தபோது, "மாமா, இனி அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரியாதேங்கோ" என்று சொல்லி ஒரு சின்னக் கமராவை என் கையில் வைத்தான். ரிக்கோ ஜிஆர் 3. பற்றரியோடும் அட்டையோடும் சேர்த்து 257 கிராம். சேர்ட் பையில் அடங்கிவிடும். படத்தின் தரத்தில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு அதில் துவாரம் கிடையாது. முதுகிலுள்ள மூன்று அங்குலத் திரையைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். இதே வரிசையில் 1996இல் வந்த பிலிம் கமராவில் வியூபைண்டர் இருந்தது. 2005இல் டிஜிட்டலாக மாறியபோது அதனை எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்பவர் தனியாக ஒன்றை வாங்கி, கமராவின் தலையில் பிளாஷ் பூட்டும் தாங்கியில் செருகிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியொன்று எனக்குத் தேவையா என்ற கேள்வி ஏறத்தாழ இரண்டு வருடங்கள் என்னோடு கூடவே திரிந்தது. சின்ன விடயந்தான். ஆயினும் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை அண்மித்த காலத்தில், சம்பளத்தில் வாழும் பத்திரிகைக்காரன் ஒருவன் கண்ணாடித் துண்டொன்றுக்காக வெளிநாட்டுக்குக் காசு அனுப்புவது வீட்டில் விளக்கம் சொல்லவேண்டிய விடயமாகிவிடும்.

நான் தொழில் பழகியது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில். மின்சாரம் இல்லை; பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கையிலிருந்தது ஒரு பழைய பென்ராக்ஸ் கே 1000. ஒளிமானிக்கு மட்டுமே அதற்குப் பற்றரி வேண்டும். மற்றதெல்லாம் பல்சக்கரமும் சுருள்வில்லும். வெயிலைப் பார்த்து ஒளியளவைக் கணிப்போம். பிலிம் அருமையாகக் கிடைத்ததால் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணை ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்து, நான்கு மூலைகளையும் ஒருமுறை பார்த்த பிறகே விசையை அழுத்துவோம். அந்தப் பழக்கம் கண்ணிலேயே தங்கிவிட்டது.

புதிய கமராவோடு முதலில் தோற்றது என் வயது. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இது விளங்கும். எதிரில் நிற்பவரைப் பார்க்க ஒரு கண்ணாடி. அரை மீற்றருக்குள் இருக்கும் திரையைப் பார்க்க இன்னொன்று. இரண்டையும் ஒரே சட்டத்தில் பொருத்தித் தந்தார்கள். திரையைப் பார்ப்பதற்காக நாடியை உயர்த்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து நான் நிற்கும் கோலத்தைப் பார்த்து மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் பொறுத்துக்கொள்ளலாம். வன்னி வெயிலைத்தான் பொறுக்க முடியவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய தொடர் போராட்டம், 2022 ஆகஸ்டில் 2,000 நாட்களைத் தாண்டியது. அதனை எழுதப் போயிருந்தேன். ஊர்வலத்திலிருந்து விலகி, வீதியோரத்தில் ஒரு தாய் நின்றிருந்தார். பிளாஸ்ரிக் உறையிலிட்ட மகனின் படத்தை இரு கைகளாலும் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தார். நேர் உச்சி வெயில். திரையில் எனக்குத் தெரிந்தது என்னுடைய சேர்ட்டின் வெள்ளை நிறம் மட்டுமே. ஊகித்து மூன்று படங்கள் எடுத்தேன். அன்றிரவு கணினியில் பார்த்தபோது மூன்றிலும் தாயின் முகம் தெளிவாக விழுந்திருந்தது. மகனின் முகம் மூக்குக்கு மேலே இல்லை.

அந்தத் தாய் வெயிலில் நின்றது தன்னுடைய முகத்தைக் காட்டுவதற்காக அல்லவே. அந்தப் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டுரை படமில்லாமலே வெளிவந்தது.

கொழும்பில் என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற படப்பிடிப்பாளர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் அலுமாரியைத் துழாவி, வேறொரு கமராவுக்கென்று எப்போதோ வாங்கிய 28 மில்லிமீற்றர் வியூபைண்டர் ஒன்றை எடுத்துத் தந்தார். எந்தக் கமராவுக்கென்று செய்ததானாலும் கோணம் ஒன்றாக இருந்தால் போதும். தாங்கியின் அளவு பொது. வெறும் கண்ணாடியும், உள்ளே ஒளிரும் சட்டக் கோடுகளுந்தான். பற்றரி இல்லை. கண்ணை வைத்ததும் வெயில் மறைந்து உலகம் தெளிந்தது. காட்சி தூரத்தில் நிற்பதுபோலத் தெரிவதால் தூரக் கண்ணாடியே போதுமாக இருந்தது.

ஆனால் அதை நம்பிவிடக் கூடாது என்பதை வீட்டு முற்றத்தில் கண்டுகொண்டேன். இந்தத் துண்டு, லென்ஸுக்கு ஐந்து சென்ரிமீற்றர் அளவு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே லென்ஸ் பார்ப்பது எப்போதும் ஐந்து சென்ரிமீற்றர் கீழே. பத்து மீற்றருக்கு அப்பால் நிற்கும் பனைமரத்துக்கு அது ஒரு கணக்கே அல்ல. ஒரு மீற்றரில் நிற்கும் மனிதருக்கோ படத்தின் மேல்விளிம்பில் அந்த ஐந்தும் போய்விடும். மனைவியைச் சுவரோடு நிறுத்தி எடுத்த முதல் படத்தில் அவளுடைய உச்சந்தலை இல்லை. "இதுக்கோ காசு குடுக்கப் போறியள்?" என்று கேட்டாள். கிட்ட எடுக்கும்போது மேலே இடம் விட்டு எடுக்கவேண்டும் என்பதே இதற்கான மருந்து.

கமரா எங்கே குவித்திருக்கிறது என்பதையும் இது சொல்லாது. அதற்கு அந்தக் கமராவிலேயே வழி உண்டு. குவியத்தை 2.5 மீற்றரில் நிறுத்தி, துவாரத்தை எஃப் 8இல் வைத்துவிட்டால், சுமார் 1.2 மீற்றருக்கு அப்பால் உள்ள அனைத்தும் கூர்மையாக விழும். பென்ராக்ஸ் காலத்தில் நாங்கள் செய்த வேலைதான். குருநகர்ச் சந்தையில் இரண்டு காலைகள் இப்படி எடுத்துப் பார்த்தேன். நாற்பது படங்களில் ஒன்றிரண்டே பிழைத்தன. சேர்ட் பைக்குள் கமரா இப்போது போகாது என்பது இன்னொரு நட்டம். தலையில் துருத்திக்கொண்டு நிற்கும் துண்டு பையின் வாயில் மாட்டும்.

மூன்று மாதங்களின் பின் மறுபடியும் கிளிநொச்சிக்குப் போனேன். அந்தத் தாய் கொட்டிலுக்குள் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். வெளியே வந்து முன்புபோலப் படத்தை உயர்த்தினார். நான் கமராவைக் கண்ணில் வைத்ததைப் பார்த்து, "தம்பி, அண்டைக்குக் கையை நீட்டிக்கொண்டெல்லோ எடுத்தனீங்கள்? இப்பிடி எடுத்தால்தான் எங்களைப் பாக்கிறியள் எண்டு தெரியுது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலே தாராளமாக இடம் விட்டு எடுத்தேன். பிறகு கொட்டிலின் நிழலில் உட்காரவைத்து, திரையைப் பார்த்துக் கிட்டவாகவும் ஒன்று எடுத்தேன். நிழலில் திரை நன்றாகவே தெரிந்தது.

கொழும்பு நண்பர் அந்தத் துண்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நல்லெண்ணெய் இரண்டு போத்தல் அனுப்பிவைத்தேன். அடுத்த முறை போனபோது, இரண்டு படங்களையும் பெரிதாக அச்சிட்டு அந்தத் தாயிடம் கொடுத்தேன். தான் நிழலில் இருந்த படத்தைத் திருப்பித் தந்துவிட்டு, மகன் முழுதாகத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்.