பச்சை யானை வாங்கலையோ!

"யானையைக் கட்டித் தீனி போட்டாற்போல" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. அந்தக் காரியத்தை ஆசை ஆசையாகச் செய்கிறவர்கள் இங்கிலாந்து தேசத்தில் இருக்கிறார்கள். தும்பிக்கை உள்ள யானை அல்ல, இரும்பு யானை! ராணுவத்துக்காகப் பள்ளம் தோண்டி, மேடு நிரவி, ரஸ்தா போட்டு, வயதானதும் "போதும், போய் வா" என்று பட்டாளத்தை விட்டு அனுப்பப்பட்ட புல்டோசர்கள், கிரேடர்கள், மண் அள்ளும் இயந்திரங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பச்சை வர்ணம். இவற்றை விலைக்கு வாங்கி வீட்டுக் கொல்லையில் நிறுத்தி, துரு நீக்கி, எண்ணெய் போட்டு, மறுபடியும் உறும வைப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. தபால் தலை சேர்க்கிற மாதிரிதான். ஆல்பம்தான் கொஞ்சம் பெரிசாக வேண்டும்!

இந்த யானைச் சந்தையைப் பார்க்க வேண்டுமானால், லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் வடக்கே போகும் ரயிலில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பிரயாணம் செய்தால் கிராந்தம் என்ற ஊர் வரும். லிங்கன்ஷயர் ஜில்லாவில் உள்ள சின்ன ஊர். 1925-ல் ஒரு மளிகைக் கடையின் மாடியில் மார்கரெட் தாட்சர் பிறந்தது இங்கேதான். பின்னாளில் பிரிட்டனின் முதல் பெண் பிரதம மந்திரியான அதே அம்மாள். 2022-ல் அவருக்கு ஊரில் சிலை வைத்தார்கள். வைத்த அன்றே அதன்மீது யாரோ முட்டை எறிந்தார்கள். அரசியல் எல்லா ஊரிலும் அரசியல்தான்!

கிராந்தத்திலிருந்து தெற்கே சுமார் 13 கிலோமீட்டர் போனால் கோல்ஸ்டர்வொர்த் என்ற கிராமம். அதை ஒட்டியே வூல்ஸ்தார்ப். இங்கே ஒரு பழைய கல் வீடு இருக்கிறது. 1642-ல் கிறிஸ்துமஸ் தினத்தன்று ஐசக் நியூட்டன் பிறந்த வீடு அது. பிளேக் நோயால் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையை மூடியபோது நியூட்டன் இந்த வீட்டுக்கு வந்து தங்கித்தான் புவியீர்ப்பைப் பற்றி யோசித்தார். புகழ் பெற்ற அந்த ஆப்பிள் மரத்தை இன்றும் காட்டுகிறார்கள். 1820-ல் புயலில் சாய்ந்துவிட்டதாம். ஆனால் வேர் விடவில்லை, மீண்டும் துளிர்த்துவிட்டது.

அந்த மரத்துக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லும்படியான இடத்தில்தான் ராணுவத்தின் உபரி வண்டிகளை விற்கும் மைதானம் இருக்கிறது. விழுகிற ஆப்பிளைப் பார்த்த ஊரில், விழுந்த யானைகளைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் கூடுகிறார்கள்!

கம்பளிப்பூச்சி பிறந்த ஊர்

யானைச் சந்தை இங்கே அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்த மண்ணுக்கும் இந்த இயந்திரங்களுக்கும் பழைய உறவு உண்டு. சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து போகிறதே புல்டோசர், அந்தப் பட்டைக்கு 1904-ல் காப்புரிமை பெற்றவர் டேவிட் ராபர்ட்ஸ். கிராந்தத்திலிருந்த ஹார்ன்ஸ்பி கம்பெனியின் தலைமை என்ஜினியர் அவர். ராணுவம் அதைப் பரீட்சை செய்து பார்த்தபோது, நெளிந்து நெளிந்து வந்த வண்டியைக் கண்ட சிப்பாய்கள் சிரித்துக்கொண்டே "கம்பளிப்பூச்சி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ராணுவம் அதிகம் வாங்கவில்லை. கம்பெனி நொந்துபோய் அந்த உரிமையை அமெரிக்காவிலிருந்த ஹோல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டது. "கேட்டர்பில்லர்" என்று மஞ்சள் இயந்திரங்களில் எழுதியிருக்கப் பார்த்திருப்பீர்களே, 1925-ல் அந்தப் பெயரோடு உருவான கம்பெனியில் சேர்ந்தது இந்த ஹோல்ட்தான். கிராந்தத்துக்கு வடக்கே உள்ள லிங்கன் நகரில் 1915-ல் முதல் டாங்கி உருவானது. வேண்டாம் என்று தள்ளிய பட்டை யுத்தகளத்துக்கே தேவைப்பட்டுவிட்டது!

சாலை போடும் ரோலர்களுக்குப் பெயர் போன அவெலிங்-பார்ஃபோர்டு கம்பெனியும் 1934-ல் கிராந்தத்தில்தான் தொடங்கியது.

"இதெல்லாம் அந்நிய தேசத்துச் சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். உங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறதே ஜேசிபி, அதன் கதையைக் கேளுங்கள். 1945-ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் ஜில்லாவில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற இளைஞர், ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். ஒரு பவுனுக்குப் பழைய வெல்டிங் கருவி வாங்கினார். யுத்தத்தில் மிஞ்சிய உபரிச் சாமான்களைக் கொண்டு ஒரு டிரெய்லர் செய்தார். அதை 45 பவுனுக்கு விற்றார். அவருடைய பெயரின் மூன்று எழுத்துக்கள்தான் இன்று நம் ஊரில் அந்த இயந்திர ஜாதிக்கே பெயராகிவிட்டன.

உபரி என்று எல்லாரும் பாம்ஃபோர்டைப் போல மதிக்கவில்லை. யுத்தம் முடிந்ததும், பசிபிக் கடலில் இன்று வனுவாட்டு என்று வழங்கும் தேசத்தின் எஸ்பிரிட்டு சாண்டோ தீவில், அமெரிக்க ராணுவம் லாரிகளையும் புல்டோசர்களையும் வாங்க ஆளில்லாமல் கடலுக்குள்ளேயே ஓட்டித் தள்ளிவிட்டது. "பத்து லட்சம் டாலர் முனை" என்று அந்த இடத்துக்குப் பெயர். இப்போது மீன்கள்தான் அங்கே டிரைவர்கள்.

சந்தையில் என்ன உண்டு?

கோல்ஸ்டர்வொர்த் மாதிரியான மைதானங்களில் டெண்டர் விற்பனை உண்டு. பார்வையிடும் நாளில் போய்ச் சுற்றிப் பார்த்து, உங்கள் விலையை எழுதிக் கொடுக்க வேண்டியது. "உள்ளது உள்ளபடி" விற்பனை. அப்புறம் "இது ஓடவில்லையே" என்று போய் நிற்க முடியாது. எழுதிய விலைக்கு மேல் 20 சதவீத வரியும் உண்டு. அதற்கும் மேல் பெரிய லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் கூலி! மூக்குத்தி வாங்கப் போய் வங்கி வாங்கின கதைதான்.

வேடிக்கையான ஜீவன்களும் இந்த உலகத்தில் உண்டு. பிரிட்டிஷ் ராணுவ என்ஜினியர்கள் வைத்திருந்த ஒரு டிராக்டர் 17 டன் கனம். ஆனால் ஆற்றில் நீந்தும்! எதிர்க்கரை வழுக்கலாக இருந்தால், தலையிலிருந்து ராக்கெட் வைத்து ஒரு நங்கூரத்தைச் சுமார் 90 மீட்டர் தூரம் எறிந்து, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே கரையேறும். 2013-ல் டெரியர் என்ற புதிய இயந்திரம் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஓய்வு பெற்றவற்றில் சில இப்போது பண்ணை வீடுகளில் பென்ஷன் வாங்காமல் வாழ்கின்றன.

ராணுவ வண்டிகளில் ஒரு விசேஷம்: அதிகம் ஓடியிருக்காது. நின்ற நாட்களே அதிகம். அதுவே நோயும்கூட. நின்று நின்று ரப்பர் காய்ந்துவிடும். டாங்கியில் பழைய டீசலோடு தண்ணீர் சேர்ந்து, அதில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து குழாயை அடைக்கும். ஆகவே வாங்கியதும் சாவியைத் திருகக் கூடாது. பழைய டீசலை வடித்துவிட்டு, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையாலேயே என்ஜினை மெள்ளச் சுற்றிப் பார்க்க வேண்டும். மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட். கார்க்கடை பல்பைப் போட்டால் அந்த க்ஷணமே பல்பு பரலோகம் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை, விளையாட்டில்லை. மண் வாரும் கையைத் தூக்குகிற எண்ணெய்க் குழாயில் பயங்கர அழுத்தம் உண்டு. ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. எங்கே கசிகிறதென்று அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும், விரலை அல்ல. தூக்கி நிறுத்திய வாளிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டுவதும் கூடாது.

ஜாம் பாட்டில்கள்

"இந்தப் பைத்தியத்தை வீட்டுப் பெண்கள் எப்படிப் பொறுக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அதையேதான் ஓர் அம்மாளிடம் கேட்டேன். லிங்கன்ஷயரின் தாழ்ந்த சமவெளியில், எங்கே பார்த்தாலும் வாய்க்கால் ஓடும் ஒரு கிராமத்தில் இருக்கிறார். பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார்.

அவருடைய கணவர் ராணுவ என்ஜினியர் படையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், சமையலறையைப் புதுப்பிக்க இருவரும் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போய், பச்சை வர்ண ஜேசிபி ஒன்றை வாங்கி வந்துவிட்டார்!

"சண்டை போட்டீர்களா?" என்றேன்.

"மூன்று வாரம் பேசவில்லை" என்றார்.

பேசத் தொடங்கிய பின் அதிக நாள் கிடைக்கவில்லை. என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த சமயத்தில், அந்தக் குளிர்காலத்திலேயே கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். கொட்டகையில் பாதி யானை. பழைய இரும்பு வியாபாரி வந்து எடைக்கு விலை சொன்னான். "கொடுத்துவிடு அம்மா, சமையலறைக்காவது ஆகும்" என்றான் மகன். அம்மாளும் சரி என்றுதான் இருந்தார்.

சாமான்களை ஒதுக்கப் போனபோதுதான் அலமாரியில் அந்த ஜாம் பாட்டில்களைப் பார்த்தார். வரிசையாக முப்பது, நாற்பது. ஒவ்வொன்றிலும் போல்ட்டும் நட்டும் வாஷரும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: எங்கே கழற்றியது, எந்த வரிசையில் போட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும். எல்லாம் கணவரின் கையெழுத்து.

"அவருக்கு மறதி அதிகம். தமக்காகத்தான் எழுதி வைத்தார். எனக்கு எழுதினது மாதிரி இருந்தது" என்றார்.

வியாபாரியைத் திருப்பி அனுப்பினார். கிராமத்தில் ஒரு வயதான மெக்கானிக் இருந்தார். "நான் சொல்லித் தருகிறேன், ஸ்பானர் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்" என்றாராம். கடைசிப் பாட்டிலிலிருந்து முதல் பாட்டில் வரையில் ஒவ்வொன்றாகக் காலி செய்ய இரண்டு குளிர்காலம் பிடித்தது.

"துக்கம் அதில் கரைந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

அம்மாள் சிரித்தார். "துக்கமா? எனக்குக் கோபம்தான் இருந்தது. சமையலறைப் பணத்தைக் கரைத்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டாரே என்று! அந்தக் கோபத்தில்தான் பாதி போல்ட்டை இறுக்கினேன். நன்றாகவே இறுகியிருக்கிறது."

இப்போது மழைக்காலத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்து வயல்களின் வாய்க்காலைத் தூர் வாருகிறது அந்த ஜேசிபி. ஓட்டுகிறவர் அம்மாள்தான். கொடுக்கிற கூலியை வாங்கிக்கொள்கிறார். சமையலறையைப் பார்த்தேன். அடுப்பும் அலமாரியும் பழையவையே. ஜன்னல் ஓரத்தில் மட்டும் காலி ஜாம் பாட்டில்கள் பளபளவென்று நின்றன. அந்த வருஷத்து பிளம்ஸ் பழ ஜாமுக்காகக் கழுவி வைத்திருந்தார். சீட்டுகளை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. மேஜை இழுப்பறையைத் தாமே ஒரு தரம் திறந்து மூடினார்.

இங்கிலாந்துக்குப் போகும் உறவினர் யாராவது இருந்தால், லண்டன் கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கிராந்தம் பக்கமும் ஒரு நாள் போய்வரச் சொல்லுங்கள். வூல்ஸ்தார்ப் வீட்டையும் ஆப்பிள் மரத்தையும் பார்க்க ஒரு பகல் போதும். தெற்கே டார்செட் ஜில்லாவின் போவிங்டன் டாங்கி மியூஸியம் வரை போக அவகாசம் இருந்தால், ஹார்ன்ஸ்பியின் கம்பளிப்பூச்சி ஒன்றையும் அங்கே காணலாம். பச்சை யானை விற்கும் மைதானத்துக்கும் தாராளமாகப் போகட்டும். ஆனால் புறப்படும் முன்பு, சமையலறைப் பணத்தை மட்டும் வீட்டிலேயே நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்!